ரோல் முடியட்டும்

வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தவருக்கு ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டுமென்றால் இன்று பத்து நிமிடம் போதும். வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து ஒரு கிளிக். கணினியில் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, எட்டுப் படங்களை ஒரே தாளில் அச்சிட்டு, கத்தரித்து, உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணை மூடிவிட்டால் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30 அன்று. அதற்கு முன் ஆட்சியரைப் பார்க்க வேலூருக்குப் பேருந்து ஏற வேண்டும். மாவட்டம் வந்து, அலுவலகம் வேங்கிக்காலுக்கு வந்த பிறகு, வேலூர் சாலையில் மனு எழுதுபவர்களும் தட்டச்சுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஸ்டுடியோக்கள் வந்தன. அப்போது ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டவர் முதலில் கேட்கும் பதில், “ரோல் முடியட்டும், நாளைக்குச் சாயந்திரம் வாங்க” என்பதுதான். 120 சுருளில் சதுரப் படம் பன்னிரண்டு விழும். இவருடையது நான்காவது என்றால் இன்னும் எட்டுப் பேர் வர வேண்டும். பேங்க் கணக்குக்கோ வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கோ அவசரம் என்று கெஞ்சினால், இருட்டறைக்குள் போய்ச் சுருளைப் பாதியில் வெட்டிக் கழுவிக் கொடுப்பார்கள். வெட்டும் இடத்தில் ஒரு படம் வீணாகும். அந்த ஒரு படத்தின் விலையும் அவசரக்காரர் தலையில்தான்.

நான் போய்வந்த ஸ்டுடியோவில் இருந்தது யாஷிகா மேட் 124ஜி. மேலே ஒரு லென்ஸ் பார்ப்பதற்கு, கீழே ஒரு லென்ஸ் படம் பிடிப்பதற்கு. மேல் மூடியைத் திறந்தால் தேய்த்த கண்ணாடியில் உருவம் தெரியும். ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும். முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று சொல்வதற்கு முன் ஸ்டுடியோக்காரர் ஒரு கணம் யோசிப்பார். இந்தக் கேமராவில் படம் எடுப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவரை நேராகப் பார்ப்பதில்லை. மார்பளவில் கேமராவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார். எதிரே இருப்பது கூலிக்காரரானாலும் தாசில்தாரானாலும் அதே குனிவுதான்.

அந்தக் கேமரா இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஸ்டுடியோ மூடியபோது பழைய இரும்புக்காரருக்குப் போக இருந்த பெட்டியிலிருந்து கேட்டு வாங்கியது. வாங்கும்போது அதற்குப் பெரிய விலை இல்லை, யாருக்கும் வேண்டாத பொருள். இன்று அதே மாதிரிக் கேமராவை இணையத்தில் வைத்தால் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தொழிலுக்கு ஓடியவரை அதற்குத் தேய்மானம் இருந்தது. தொழில் போனதும் மதிப்பு வந்துவிட்டது.

கைக்கு வந்தபோது ஒரு விநாடிக்கு வைத்து அழுத்தினால் ஷட்டர் திறந்தபடியே நின்றது. உள்ளே மெல்லிய பல்சக்கரங்களில் பழைய மசகு காய்ந்து பிசினாகியிருந்தது. முன்பக்கத்துத் தோலை நுனியில் கிளப்பி மெதுவாக உரித்தால் அடியில் திருகுகள் தெரியும். கடிகாரக்காரர் வைத்திருக்கும் சின்னத் திருப்புளியும், சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெயும், ஓவியத் தூரிகை ஒன்றும் போதும். ஒரு சொட்டு விட்டு ஷட்டரை நூறு முறை அழுத்தினேன். ‘விர்ர்ர்’ என்று அந்தப் பழைய சத்தம் மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தது.

முன்பெல்லாம் ஷட்டர் சரியாக ஓடுகிறதா என்பதைக் காதால் பார்த்தார்கள். சென்னையில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால், காதருகே வைத்து அரை விநாடிக்கும் கால் விநாடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டே சொல்வார். இன்று கைபேசியில் ஒரு செயலி அந்தச் சத்தத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. நூற்றில் ஒரு பங்கு விநாடிப் பிழையும் தெரிகிறது. பழுதுபார்ப்புக் கையேடுகள் முன்பு கம்பெனிக்காரர்களின் மேசைக்குள் கிடந்தன. இப்போது யாரும் இறக்கிக்கொள்ளலாம். இதில் நாம் அடைந்தது அதிகம், மறுக்க மாட்டேன். கேட்டுக் கற்ற வித்தை ஆளோடு போய்விடும், கையேடு போகாது.

உதிரிப் பாகம்தான் கிடைப்பதில்லை. இதன் ஒளிமானிக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும். பாதரசம் நஞ்சென்று உலகம் முழுவதும் அதை நிறுத்திவிட்டார்கள், நல்லதுதான். இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மானி பொய் சொல்கிறது. காது கேட்கும் கருவிக்குப் போடும் துத்தநாக பேட்டரி ஏறக்குறைய சரியான வோல்டைத் தரும், ஆனால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஸ்டுடியோக்காரருக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. அவர் மானியைப் பார்த்து நான் கண்டதில்லை. 100 வேகச் சுருள், நல்ல வெயில் என்றால் துளை 16, வேகம் 125. நிழல் ஓரம் மங்கினால் ஒரு படி திற. கீழே விழுந்த தன் நிழலைப் பார்த்தே கேமராவைத் திருகுவார்.

படம் எடுப்பது பாதி வேலை. மீதி இருட்டறையில். மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட், போராக்ஸ் ஆகியவற்றைத் தராசில் நிறுத்துக் கரைத்தால் டெவலப்பர், அடுத்தது ஹைப்போ. டெவலப்பருக்குப் புத்தகம் சொல்லும் வெப்பம் 20 டிகிரி. திருவண்ணாமலையில் மே மாதம் குழாய்த் தண்ணீர் அதை எங்கே கேட்கும்? ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டுக் கழுவினார்கள். சூடு மிஞ்சினால் சுருளின் மேல்பூச்சு இளகி வழிந்துவிடும். காய்ந்த பிறகு டச்சிங்: கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவிலேயே அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழான கருமையையும் மறைப்பார்கள். இன்று கணினி ஒரே நொடியில் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி மழமழப்பாக்குகிறது. பென்சில் பிடித்தவர் எந்தத் தழும்பை விட்டுவைக்கலாம் என்று கேட்டார். பெண் பார்க்க அனுப்பும் படமா, வேலைக்கு அனுப்பும் படமா என்பதைப் பொறுத்தது அது.

இந்த ஊர் உலகத்துக்குத் தெரிந்ததில் இப்படிப்பட்ட கேமராக்களுக்கும் பங்குண்டு. ரமண மகரிஷியை 1930களிலும் 40களிலும் சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி விடாமல் படம் எடுத்தார். 1946இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம்தான் இன்றும் ஆட்டோக் கண்ணாடியிலும் கடை நாள்காட்டியிலும் இருக்கிறது. 1949இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழுக்காக எலியட் எலிசோஃபோன் வந்தார். 1950 ஏப்ரலில் லைக்கா கேமராவோடு ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸான் இங்கே இருந்தார். ஏப்ரல் 14 இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது மலைப்பக்கம் விண்கல் ஒன்று சரிந்து போனதைக் கண்டு மணி பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அதை அவர் படம் பிடிக்கவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவே. இன்று பௌர்ணமி கிரிவலத்தில் பதினான்கு கிலோமீட்டரும் கைபேசி வெளிச்சம் தொடர்ந்து வருகிறது. ஒரே இரவில் எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் காகிதத்தில் ஏறுவது எத்தனை என்று தெரியவில்லை.

சுருளுக்கும் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. உதகையில் 1960இல் தொடங்கிய மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் புரோமைடு தாளும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. ஸ்டுடியோக்காரர் அதைக் குறை சொல்லிக்கொண்டேதான் வாங்குவார், ஆனாலும் வாங்குவார். பரோடாவில் செய்த அக்ஃபா கிளிக் கேமராவில் அந்தச் சுருளைப் போட்டு, முதுகிலிருக்கும் சிவப்புச் சாளரத்தில் எண் தெரியும்வரை திருகிப் படம் எடுத்த குடும்பங்கள் ஏராளம். ஒளிப்படம் வண்ணத்துக்கு மாறியது, பிறகு டிஜிட்டலுக்கு மாறியது. உதகை ஆலை 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் மூடிவிட்டது. கோடக்கே 2012இல் திவால் மனு போட்டது. இன்று ஒரு வண்ணச் சுருள் ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. அன்று சுருளை எண்ணி எடுத்ததற்குக் காரணம் வறுமை. இன்றும் எண்ணித்தான் எடுக்கிறோம், ஆனால் அதை ரசனை என்கிறோம்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. 1994 கார்த்திகை தீபத்துக்கு ஒரு ரஷ்ய ஜெனிட் கேமராவை இரவல் வாங்கி மாடியில் காத்திருந்தேன். மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே அரோகரா என்றது. நான் முப்பத்தாறு படங்களையும் எடுத்து முடித்தேன். எண் முப்பத்தாறைத் தாண்டியும் நெம்புகோல் திரும்பிக்கொண்டே இருந்தபோதுதான் வயிறு கலங்கியது. சுருளின் நாக்கு உள் சக்கரத்தில் மாட்டவே இல்லை. இடப்பக்கக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தீபம் பதினொரு நாள் எரியும். ஆனால் ஏற்றும் அந்த ஒரு நிமிடத்துக்கு அடுத்த கார்த்திகைவரை காத்திருக்க வேண்டும். கைபேசிக்காரர்களுக்கு இந்த வேதனை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

உண்மையில் போனது கேமரா அல்ல, நெகட்டிவ். ஸ்டுடியோ மூடும்போது கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிச் சட்டம் போட விற்றார்கள்; பிலிமை வெள்ளிக்காக விற்றார்கள். ஒரு ஊரின் மூன்று தலைமுறை முகங்கள் கிலோ கணக்கில் போயின. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியிருக்கிறது. கிடைத்தவை பிழைத்தன. என் கேமரா எடுத்த முகங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பெட்டி மட்டும் இருக்கிறது.

போன ஆண்டு முதல் ஒரு கல்லூரிப் பையன் இந்தக் கேமராவில் படம் எடுக்க வருகிறான். அவன் பிறக்கும்போதே வேலூர் சாலையில் பிலிம் கழுவும் கடை எதுவும் இல்லை. “பேட்டரி இல்லாம ஓடுமா அண்ணா?” என்றான். “ஓடும் தம்பி, மீட்டர்தான் பார்க்காது” என்றேன். ஒரு மாதத்தில் நிழலைப் பார்க்கப் பழகிக்கொண்டான். இந்த மே மாதம் அவன் வண்ணச் சுருளை என் வீட்டிலேயே கழுவினோம். வண்ணத்துக்கான சி-41 டெவலப்பருக்கு வேண்டியது 38 டிகிரி, மூன்றேகால் நிமிடம். குளியலறைக் குழாயைத் திறந்து வெப்பமானியைப் பிடித்தேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் 37 காட்டியது. ஐஸ் வாங்கி ஓடியவர்களை நினைத்துக்கொண்டேன்.

வேட்டி காயும் கொடியில் சுருளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். பன்னிரண்டும் விழுந்திருந்தன. ஏழாவதில் துருப்பிடித்த ஷட்டர் கதவு ஒன்று, மேலே பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ஆணித் துளைகள். துருவின் கோலம் பிடித்திருந்தது, அதனால் எடுத்தேன் என்றான். இந்தக் கேமரா பல வருடம் வேலை செய்த கடை அதுதான் என்றேன்.

“அப்படியா அண்ணா” என்று, ஈரம் சொட்டும் நெகட்டிவை நுனியில் பிடித்து மறுபடி வெளிச்சத்தில் பார்த்தான்.