உங்களுக்குத் தெரியுமா? பள்ளி மேடை, சோப்பு நுரைப் பனி, ஒரு பாட்டு வாத்தியார்

டிசம்பர் வந்துவிட்டால் அமெரிக்க டி.வி.யில் திரும்பத் திரும்ப ஒரே கதைதான். பெருநகர வேலையில் களைத்துப்போன பெண் சொந்த ஊருக்குத் திரும்புவாள். அங்கே பள்ளியில் கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சிக்கு ரிகர்சல் நடந்துகொண்டிருக்கும். நடத்துபவர் பாட்டு வாத்தியார். ஆள் லட்சணமாக இருப்பார், தனிக்கட்டையாகவும் இருப்பார். மேற்கொண்டு என்ன நடக்கும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதனால் படத்துக்கு வெளியே நடந்ததைப் பார்ப்போம்.

★

2015 டிசம்பர் 19 அன்று ஹால்மார்க் சேனலில் வந்த 'எ கிறிஸ்துமஸ் மெலடி' இந்த ரகத்துக்கு அச்சு அசல் உதாரணம். லாஸ் ஏஞ்சல்ஸில் கடையை மூடிவிட்டு, மகள் எமிலியைக் கூட்டிக்கொண்டு ஓஹாயோ மாநிலத்துச் சிற்றூருக்குத் திரும்புகிறார் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டின். எமிலிக்குப் பாட வரும். வாத்தியார் இருக்கிறார், மேடை இருக்கிறது. இடைஞ்சலுக்கு ஆள் வேண்டுமே? பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவி மெலிசா, கிறிஸ்டினோடு அதே பள்ளியில் படித்த பழைய பகையாளி. அந்த வேடத்தில் நடித்தவர் பாடகி மரையா கேரி. படத்தை இயக்கியவரும் அவரேதான். பாட்டால் உலகப் புகழ் பெற்றவர், பாடும் வேடங்களையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு வில்லத்தனத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

★

படத்தில் இவர்கள் எல்லோரும் சாதாரண ஊர்க்காரர்கள். நிஜத்தில் பாதிப் பேர் மேடையில் ஊறியவர்கள். கிறிஸ்டினாக வரும் லேசி ஷபேர், சிறுமியாக இருந்தபோது பிராட்வேயில் 'லே மிசெராப்ல'வில் குட்டி கோசெட்டாக நடித்தவர். எமிலியாக வரும் ஃபீனா ஸ்ட்ராஸா, அதற்கு முன்பே பிராட்வேயின் 'மட்டில்டா'வில் மட்டில்டாவாக நின்றவர். பள்ளிப் பணியாளர் தாமஸாக வரும் கெவின் சேம்பர்லின், 'ஆடம்ஸ் ஃபேமிலி' இசை நாடகத்தின் ஃபெஸ்டர் மாமா. அத்தையாக வரும் கேத்தி நஜிமியை 'சிஸ்டர் ஆக்ட்' (1992) பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: சிரித்த முகத்தோடு பாடகர் குழுவில் நிற்கும் சிஸ்டர் மேரி பேட்ரிக்.

★

படப்பிடிப்பு நடந்தது ஓஹாயோவின் சின்சினாட்டிப் பகுதியில், 2015 அக்டோபரில். டிசம்பரில் ஒளிபரப்பு. கதை எந்த மாநிலத்தில் நடக்கிறதோ அந்த மாநிலத்திலேயே எடுப்பது இந்த வகைப் படங்களில் அபூர்வம். பெரும்பாலானவை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எடுக்கப்படுபவை. அங்கே படத்தயாரிப்புக்கு வரிச்சலுகை உண்டு, கனடா டாலரும் அமெரிக்க டாலரைவிட மலிவு. கடைத்தெருவில் பெயர்ப் பலகைகளை மாற்றிவிட்டால் அதுவே அமெரிக்கச் சிற்றூர்.

சின்சினாட்டிக்கு இன்னொரு கிறிஸ்துமஸ் பெருமையும் உண்டு. அதே 2015இல் வெளிவந்த டாட் ஹெய்ன்ஸின் 'கேரல்' படத்தில் 1950களின் நியூயார்க்காக வேடம் போட்டதும் இந்த நகரம்தான்.

★

இந்த டி.வி. படங்களில் முத்தம் ஏன் கடைசி வரை தள்ளிப்போகிறது? வெட்கத்தால் அல்ல, விளம்பரத்தால். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் படம் ஏறக்குறைய 85 நிமிடம்தான், மற்றதெல்லாம் விளம்பரம். திரைக்கதையை ஒன்பது அங்கங்களாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும், ரிமோட்டை எடுத்த கையைக் கீழே வைக்கச் செய்யும் ஒரு கொக்கி வேண்டும். இருவரும் நெருங்கி நிற்பார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை ஓடிவந்து "சார், ஏஞ்சலோட இறக்கை கிழிஞ்சுபோச்சு" என்று சொல்லும். உடனே சோப்பு விளம்பரம். கதை பள்ளியில் நடந்தால் எழுதுபவருக்கு எவ்வளவு வசதி பாருங்கள். இடையில் புகுவதற்குப் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை.

★

பல படங்கள் மூன்று வாரத்துக்குள் எடுத்து முடிக்கப்படுபவை.

★

டிசம்பரில் காட்டும் படங்களில் பலவற்றைக் கோடையிலேயே எடுத்துவிடுவார்கள். ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். தரையில் கிடப்பது பஞ்சு விரிப்பு, காகிதத் துகள், நுரை.

போலிப் பனிக்கே தனிச் சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஹாலிவுட்டில் கார்ன்ஃப்ளேக்ஸுக்கு வெள்ளையடித்துத் தூவினார்கள். மிதித்தால் நறநறவென்று சத்தம், வசனத்தைப் பிறகு டப்பிங்கில்தான் பேச வேண்டும். ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்துக்கு அது ஒத்துவரவில்லை. தீயணைப்புக் கருவியில் இருக்கும் நுரைப்பொருளோடு சோப்பும் தண்ணீரும் கலந்து, அழுத்தத்தோடு பீய்ச்சி அடித்து, சத்தமில்லாத பனியை உண்டாக்கினார்கள். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவுக்கு அதற்காக ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அந்தப் படம் எடுத்ததும் கொளுத்தும் கோடையில்தான். பாலத்தின் மேல் பனியில் நிற்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தில் வியர்வை தெரியும்.

அதே படத்தில் பள்ளி நடன விருந்தின்போது தரை இரண்டாகப் பிளந்து எல்லோரும் நீச்சல் குளத்தில் விழுவார்களே, அது செட் அல்ல. பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம். கூடைப்பந்துத் தளத்துக்குக் கீழே நிஜமாகவே குளம் இருந்தது.

★

முதல் வெளியீட்டில் முதலைக்கூட எடுக்காத 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' எப்படி கிறிஸ்துமஸ் படங்களுக்கெல்லாம் தாத்தா ஆனது? 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். சும்மா கிடைக்கிறது என்றதும் அமெரிக்காவின் டி.வி. நிலையங்கள் எல்லாம் டிசம்பரில் அதையே திரும்பத் திரும்பப் போட்டன. ஒரு குமாஸ்தா வேலை தவறியதால் ஒரு பண்டிகைச் சடங்கு பிறந்தது.

★

ஹால்மார்க் என்பது முதலில் வாழ்த்து அட்டைக் கம்பெனி. 1910இல் ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் (பெயரைப் பார்த்துப் பெண் என்று எண்ண வேண்டாம்) இரண்டு ஷூ பெட்டி நிறையத் தபால் அட்டைகளோடு கான்சாஸ் சிட்டியில் வந்து இறங்கினார். வயது 18.

★

இந்தக் கம்பெனியின் புகழ்பெற்ற டி.வி. வரிசை தொடங்கியதே ஒரு கிறிஸ்துமஸ் இசை நாடகத்தோடுதான். 1951 டிசம்பர் 24 இரவு, என்.பி.சி.யில் 'அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்' நேரலையாக ஒளிபரப்பானது. 'ஹால்மார்க் ஹால் ஆஃப் ஃபேம்' வரிசையின் முதல் நிகழ்ச்சி அது. டி.வி.க்காகவே கேட்டு வாங்கி எழுதப்பட்ட முதல் ஓப்பராவும் அதுவே.

இசையமைத்தவர் இத்தாலியில் பிறந்த ஜான் கார்லோ மெனோட்டி. எதை எழுதுவது என்று தெரியாமல் தவித்தவருக்கு, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் போஷ் வரைந்த மூன்று ஞானிகளின் ஓவியம் வழி காட்டியது. ஊன்றுகோலோடு நடக்கும் ஏழைச் சிறுவன் வீட்டில் அந்த மூவரும் ஓரிரவு தங்குகிறார்கள், அவ்வளவுதான் கதை. மெனோட்டிக்கே சிறுவயதில் கால் ஊனம் இருந்து குணமானது என்பதை அறிந்து கேட்டால் சில இடங்கள் வேறு மாதிரிக் கேட்கும். ஒளிபரப்புக்குச் சில நாட்கள் முன்புவரை அவர் எழுதி முடிக்கவில்லை. நடிகர்கள் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல.

அமால் வேடத்தில் சிறுவன்தான் பாட வேண்டும், பெண் குரல் கூடாது என்று இசைக் குறிப்பிலேயே எழுதிவைத்தார் மெனோட்டி. பள்ளிகளும் தேவாலயங்களும் இன்றும் இதை மேடையேற்றுகின்றன. ஊர் ஊராகக் குரல் உடையாத ஒரு பையனைத் தேடும் படலமும் கூடவே நடக்கிறது.

★

பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்தை மையமாக வைத்து டி.வி.க்கு எடுத்ததில் இன்றுவரை மிஞ்ச ஆளில்லாதது ஒரு கார்ட்டூன். 1965 டிசம்பர் 9 அன்று சி.பி.எஸ்.ஸில் வந்த 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்'. இயக்குநர் பொறுப்பை ஏற்றுக்கொண்ட சார்லியை யாரும் மதிக்க மாட்டார்கள். குரல் கொடுத்தவர்கள் நிஜக் குழந்தைகள். சிலருக்கு இன்னும் படிக்கவே தெரியாது, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. இசை ஜாஸ். சேனல் அதிகாரிகள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஒளிபரப்பானபோது, அந்நேரம் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைத்தான் பார்த்தார்கள்.

★

படங்களில் பாட்டு வாத்தியாருக்கு உள்ள வேலை காதலிப்பது. நிஜ வாத்தியார்கள் செய்த வேலையைப் பாருங்கள்.

'சைலண்ட் நைட்' பாட்டுக்கு மெட்டுப் போட்ட ஃபிரான்ஸ் சேவர் குரூபர் பள்ளி ஆசிரியர். ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ஃப் தேவாலயத்தில் 1818 டிசம்பர் 24 அன்று, கித்தார் துணையோடு முதலில் பாடப்பட்டது.

'தி லிட்டில் டிரம்மர் பாய்' எழுதிய கேத்தரின் டேவிஸ் இசை ஆசிரியை. 1941இல் எழுதினார். பெரிய ஹிட் ஆனது 1958இல்தான். தன் படைப்புகளின் ராயல்டி முழுவதையும் தான் படித்த வெல்லெஸ்லி கல்லூரியின் இசைத் துறைக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

மூன்றாமவர் டொனால்ட் கார்ட்னர், நியூயார்க் மாநிலத்தின் ஸ்மித்டவுனில் இசை ஆசிரியர். 1944. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முன்பல் இல்லை. 'ச' எல்லாம் காற்றாகப் போனது. அன்றிரவே அரை மணி நேரத்தில், முன்பல் இரண்டும் முளைத்தால் போதும் என்று கேட்கும் பாட்டை எழுதினார். ஸ்பைக் ஜோன்ஸ் குழுவின் இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. என்னைக் கேட்டால், இந்த அரை மணி நேரத்தை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம். காதலி தேவையில்லை.

★

'வீ த்ரீ கிங்ஸ்' பாட்டும் 1857இல் நியூயார்க்கில் ஒரு இறையியல் கல்லூரியின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்காக எழுதப்பட்டதுதான்.

★

டி.வி. படங்களில் 'சைலண்ட் நைட்', 'வீ த்ரீ கிங்ஸ்' போன்ற பழைய பாட்டுகளையே ஏன் பிள்ளைகள் பாடுகிறார்கள்? பக்தி ஒரு காரணம், பட்ஜெட் பெரிய காரணம். புதிய பாட்டு ஒன்றைப் படத்தில் சேர்க்க எழுதியவரிடம் தனியாக, ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இரண்டு ரசீது. நூறாண்டு தாண்டிய பாட்டு பொதுச் சொத்து. பிள்ளைகளையே பாடவைத்துப் பதிவு செய்துகொண்டால் இரண்டு செலவும் மிச்சம்.

★

நிஜப் பள்ளிகளுக்கும் இந்தக் கணக்கு உண்டு. அமெரிக்கப் பள்ளியில் பிராட்வே நாடகம் போட்டால் ராயல்டி கட்ட வேண்டும். பிரதியும் இசைக் குறிப்பும் வாடகைக்கு வரும். இந்த உரிமை வியாபாரத்தில் பெரிய புள்ளியான 'மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல்', 'எல்ஃப்' இசை நாடகத்தைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பையும் கொடுக்கிறது. 1952இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஃபிராங்க் லெஸ்ஸர். வீட்டு விருந்தினர்களை வழியனுப்பும் நேரத்தில் மனைவியோடு சேர்ந்து பாட 'பேபி, இட்ஸ் கோல்ட் அவுட்சைட்' எழுதினாரே, அவரேதான். அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஆஸ்கரும் வந்தது. அதில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே கிடையாது.

★

பள்ளி மாணவியாக நடிக்கும் குழந்தை, அன்றைய பள்ளிப் பாடத்திலிருந்து தப்ப முடியாது. கலிஃபோர்னியாவில் பள்ளி நாட்களில் படப்பிடிப்புத் தளத்திலேயே தினம் மூன்று மணி நேரம் பாடம் கட்டாயம். ஆசிரியரைத் தயாரிப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

★

'லவ் ஆக்சுவலி' (2003) படத்தின் உச்சக்கட்டமும் லண்டன் பள்ளியொன்றின் கிறிஸ்துமஸ் மேடைதான். அதில் ஒலிவியா ஓல்சன் என்ற சிறுமி மரையா கேரியின் 1994 பாட்டைப் பாடுவாள். குழந்தை பாடியது என்று நம்ப முடியாத அளவுக்குப் பிசிறில்லாமல் இருந்ததால், இடையிடையே மூச்சு வாங்கும் ஒலியைச் சேர்த்தார்கள் என்று படக்குழுவே சொல்லியிருக்கிறது.

★

ஒலிவியாவின் குரலுக்கு நேர் எதிர்க் கதை ஒன்று. டிஸ்னி சேனலின் 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்' 2006 ஜனவரி 20 அன்று வந்தது. டி.வி.க்காக எடுத்த படம், பள்ளி இசை நாடகம், காதல், எல்லாம் உண்டு. கிறிஸ்துமஸ் மட்டும் ஒரு வாரத்தில் தவறிப்போனது: நாயகனும் நாயகியும் சந்திப்பது புத்தாண்டு இரவில், ஒரு கரோக்கி மேடையில். சால்ட் லேக் சிட்டியில் நிஜமாகவே இயங்கும் ஈஸ்ட் ஹை பள்ளியில் எடுத்தார்கள். நாயகன் டிராயாக வரும் ஸாக் எஃப்ரான் பாடும்போது நாம் கேட்பது பெரும்பாலும் ட்ரூ சீலி என்ற வேறொருவரின் குரல். இசைத்தட்டு அமெரிக்காவில் அந்த ஆண்டின் விற்பனையில் முதலிடம் பிடித்தது. இரண்டாம் படத்தில் எஃப்ரானே பாடினார்.