இணையத்தளத்திற்கு இடம் பிடிக்குமுன்...

உங்கள் ஊர் ஆலயத்திற்கோ மணிமன்றத்திற்கோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கோ சொந்தமாக ஓர் இணையத்தளம் வேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டாயிற்று. மறுநாளே யாரோ ஒருவர், "வருடத்திற்கு இத்தனை வெள்ளிதான், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வருவார். அவரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் பொருளாளர் பணத்தை எடுத்து நீட்டுமுன் சில விஷயங்களை நிர்வாகத்தினர் அனைவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பெயர், அதாவது மக்கள் கைப்பேசியில் தட்டும் முகவரி. இதை டொமேன் என்கிறார்கள். மற்றொன்று இடம், உங்கள் படங்களும் அறிவிப்புகளும் குடியிருக்க, சர்வர் என்னும் கணினியில் வாடகைக்குக் கிடைக்கும் பகுதி. இதுதான் ஹோஸ்டிங். இடம் வாடகை வீடு போன்றது. பிடிக்கவில்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீட்டிற்குப் போய்விடலாம். பெயர் அப்படியல்ல. அது நிலத்தின் கிராண்ட் மாதிரி. யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே உரிமை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? மூன்று தலைமுறை கும்பிட்ட கோயிலாக இருந்தாலும், தோட்டம் கைமாறியபோது, கிராண்டில் யார் பெயர் என்றுதானே கேட்டார்கள்!

எனக்குத் தெரிந்த ஓர் ஆலயத்தின் முகவரியை ஓர் இளைஞர் தம் சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனார். மின்னஞ்சலையும் மாற்றிவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டே இருந்தன. 'டாட் காம்' பெயர் ஒன்று காலாவதியாகி நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்பதற்கு 30 நாள் தவணை உண்டு. அது கழிந்து 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், எவரும் வாங்கலாம். அந்த முகவரியைத் தட்டினால் இப்பொழுது சூதாட்ட விளம்பரம் வருகிறது. நன்கொடை ரசீதுப் புத்தகத்திலோ இன்னும் அதே முகவரிதான் அச்சாகியிருக்கிறது.

ஆகவே பெயரை அமைப்பின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்ற அமைப்பானால், மைநிக் நிர்வகிக்கும் 'ஓஆர்ஜி டாட் எம்ஒய்' முகவரிக்கு விண்ணப்பிக்கலாம். தொடர்புக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அமைப்புக்கென்றே திறந்ததாக இருக்கட்டும். அதுவும் அந்த டொமேனைச் சார்ந்ததாக இருக்கக்கூடாது. பெயர் போனால் மின்னஞ்சலும் கூடவே போய்விடுமல்லவா? கடவுச்சொல் தலைவர், செயலாளர் இருவரிடமும் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும்பொழுது முத்திரையையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைப்பதுபோல அதையும் ஒப்படைத்து, புதியவர்கள் உடனே மாற்றிக்கொள்ளட்டும்.

இனி வாடகை வீட்டைப் பார்ப்போம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் வருடக் கட்டணம். இரண்டாம் வருடம் எவ்வளவு என்று கேளுங்கள். சில இடங்களில் மடங்காகிவிடும். முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டு அடையாளத்திற்குத் தனிக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் அதற்கான சான்றிதழை இலவசமாகவே வழங்கி வருகிறது.

"99 விழுக்காடு நேரம் தளம் இயங்கும்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாணவர்களிடம் கொடுத்தால் நொடியில் கணக்குப் போட்டுவிடுவார்கள்: மீதி ஒரு விழுக்காடு என்பது வருடத்தில் 87 மணி நேரத்திற்கும் மேல். மூன்றரை நாளைக்கு மேல் கதவு சாத்தியிருக்கலாம் என்று பொருள். அது திருவிழா நாளாகவும் இருக்கலாம். 99.9 என்றால் ஒன்பது மணிக்கும் குறைவு. சர்வர் சிங்கப்பூரிலோ நம் நாட்டிலோ இருந்தால் பக்கம் சட்டென்று திறக்கும். அமெரிக்காவில் இருந்தால் சற்றுத் தாமதிக்கும். அறிவிப்பும் படமும் மட்டும் போடும் தளத்திற்கு அதற்காக அதிகம் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

செலவழிக்க வேண்டியது நகலுக்கு. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், ஓவிஎச் என்ற பெரிய நிறுவனத்தின் சர்வர் கட்டடம் தீப்பிடித்து முற்றிலும் அழிந்தது. ஏராளமான தளங்கள் முடங்கின. நகல் எடுத்து வைத்திருந்தவர்களிலும் சிலர் மீளவில்லை. நகலும் அங்கேயே இருந்ததுதான் காரணம். நிறுவனம் தினமும் நகல் எடுத்தாலும், மாதம் ஒரு முறை நீங்களும் ஒன்று எடுத்துச் செயலாளர் வீட்டு அலமாரியில் பூட்டி வையுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பு அந்த நிறுவனத்திற்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அனுப்பினால் இன்னும் நல்லது. "நாங்கள் ஒரு நாள் விலகிப்போக நேர்ந்தால் எங்கள் கோப்புகளையும், பெயரை மாற்றிக்கொள்வதற்கான இரகசியக் குறியீட்டையும் எத்தனை நாளில் கொடுப்பீர்கள்?" பதில் எப்பொழுது வருகிறது, சுற்றி வளைக்காமல் வருகிறதா என்று பாருங்கள்.