விரல் என்கிற டிக்கெட்

"விரல்தானே, வச்சுட்டுப் போவோம்." கேளிக்கைப் பூங்கா வாசலில் வரிசையில் நிற்கிற எவரும் சொல்லக்கூடிய வாக்கியம் இது. இதன் சாதாரணத் தன்மையைத்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட், 1990களின் நடுவில் ஆண்டுச் சீட்டுக்காரர்களின் விரல்களை அளக்கத் தொடங்கியது. 2005 வாக்கில் மற்றப் பார்வையாளர்களுக்கும் அது விரிந்தது. காரணம் ஒன்றும் மர்மமில்லை. பல நாள் டிக்கெட்டில் நாள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை குறையும். ஏழு நாள் டிக்கெட்டில் மூன்று நாள் சுற்றிவிட்டு மிச்சத்தை இன்னொருவருக்கு விற்றால் கம்பெனிக்கு நஷ்டம். ஆக, இங்கே முதலில் காக்கப்படுவது விலைப்பட்டியல். காசு கொடுத்து வாங்கியதைக் கைமாற்ற முடியாதபடி, வாங்கியவரின் உடம்பையே அதோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள்.

விரலின் படத்தை எண்ணாக மாற்றியதும் அழித்துவிடுகிறோம் என்கிறது நிறுவனம். இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு கருவிக்குப் படம் தேவையே இல்லை. மறுநாள் வைக்கும் விரல் அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றுதான் அது பார்க்கிறது. ஆளைக் காட்டிக்கொடுப்பது எண்தான். அது களவு போனால்? பூட்டை மாற்றலாம், கடவுச்சொல்லை மாற்றலாம். விரலை என்ன செய்ய?

விரும்பாதவர் அடையாள அட்டை காட்டலாம் என்ற மாற்று வழியும் உண்டு. ஆனால் பின்னால் நீண்ட வரிசை, கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளை, இதற்கு நடுவில் மறுப்பின் சுமை முழுக்க மறுப்பவர் தலையில் விழுகிறது. சம்மதம் இப்படித்தான் உற்பத்தியாகிறது.

ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறைச்சாலையில், பார்க்கப்படுகிறோம் என்பதைக் கைதி அறிவான். டிஸ்னி வேர்ல்ட் வேறு மாதிரி. கிளிஃபோர்ட் ஷியரிங், பிலிப் ஸ்டென்னிங் இருவரும் 1980களின் நடுவில் இதைப் பற்றி எழுதினார்கள். காலில் கொப்புளம் என்று செருப்பைக் கழற்றி நடந்த ஷியரிங்கின் மகளிடம் காவலர் ஒருவர் வந்து, உங்கள் பாதுகாப்புக்காகப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார், மிகுந்த மரியாதையோடு. மாட்டேன் என்றால் வெளியே கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். அங்கே லத்தி இல்லை, புன்னகைதான் உண்டு. சந்தோஷத்தை இழக்க நேரும் என்ற பயமே போதுமானதாகிவிடுகிறது. விரல் கருவி இந்தத் தர்க்கத்தின் நீட்சி.

'சரி, இதனால யாருக்கு என்னங்க கெட்டுப்போச்சு?' இதே கேள்வி இலினாய் மாநிலத்தில் நீதிமன்றம் ஏறியது. 2014இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போன 14 வயதுச் சிறுவனிடம் பருவச் சீட்டுக்காகக் கட்டைவிரல் ரேகை எடுத்தார்கள். தாயிடம் எழுத்தில் சம்மதம் வாங்கவில்லை. அம்மாநிலத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, என்ன எடுக்கிறோம், எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று எழுதிக் கொடுத்துச் சம்மதம் பெற வேண்டும். நிஜமான பாதிப்பு எதுவும் இல்லையே என்றது நிறுவனம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 2019 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது: சட்டம் தந்த உரிமையை மீறினாலே போதும், வேறு சேதத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 2021இல் 3 கோடியே 60 லட்சம் டாலருக்கு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

ரேகைக்கு நம்மிடையே வேறொரு வரலாறு உண்டு. அதை அரசின் கருவியாக வளர்த்தெடுத்ததே காலனிய வங்காளம்தான். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. குற்றப் பழங்குடிச் சட்டத்தை உசிலம்பட்டிப் பக்கத்து மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் விரல் கொடுக்க மறுத்துத் துப்பாக்கிக்கு மார்பு காட்டினார்கள். அந்த ரத்தத்தையும் பூங்கா வரிசையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: தங்களிடம் என்ன கேட்கப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விடுமுறைக்கு வந்த குழந்தைக்குத் தெரியாது. உடம்பை நீட்டினால் கதவு திறக்கும் என்பதை அது விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறது. நாளை பள்ளிக்கூடமோ தொழிற்சாலையோ கேட்கும்போது கை தானாக நீளும்.

என்ன எடுக்கிறீர்கள், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு? வாசலில் நின்று இந்த மூன்றையும் கேட்கிறவரால் வரிசை தாமதமாகும். ஆகட்டுமே.