பாலைவனத்தில் கூப்பிடும் இடாப்பு

பாடசாலையில் பாடம் தொடங்குமுன் நடைபெறுவது இடாப்புக் கூப்பிடுதல். ஆசிரியர் பெயரைச் சொல்ல, பிள்ளை குரல் கொடுக்க, இடாப்பில் ஓர் அடையாளம் விழும். நாற்பது பெயர்களுக்கு நாற்பது குரல்களும் வந்துவிட்டால் அன்று இடாப்புக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு பெயருக்குக் குரல் வராதபோதே அதற்கு வேலை தொடங்குகிறது. "ஏன் வரவில்லை? நேற்று யார் கண்டது?" என்ற கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன.

நாம் புகலிடம் பெற்று வாழும் அவுஸ்திரேலியாவின் உட்பிரதேசத்திலும் இப்படியொரு இடாப்பு கூப்பிடப்பட்டு வருகிறது. அதற்குக் குரல் கொடுப்போர், நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனங்களில் மணல்மேடுகளையும் கற்தரைகளையும் கடந்து செல்லும் பயணிகள். கூப்பிடுபவரோ ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் தொலைவில் ஒரு வானொலிக் கருவியின் முன்னால் அமர்ந்திருப்பார். ஆங்கிலத்தில் இதனை 'நெற்' என்பர். நாம் வலை என்றே குறிப்பிடுவோம்.

இந்நாட்டின் பரப்பளவு ஏறத்தாழ 77 இலட்சம் சதுர கிலோமீற்றர். கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்களின் அலைகள் அதிற் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தை எட்டுவதில்லை. சனங்கள் வாழும் இடங்களிலேயே கோபுரங்கள் நிற்கின்றன. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் நமக்கு இது எளிதிற் புலப்படாது. நம்மவர் பலர் இப்போது பெரிய வாகனங்கள் வாங்கியுள்ளனர். விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிளின்டர்ஸ் மலைத்தொடருக்கும் உலுறுவுக்கும் செல்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் தார் வீதி முடிந்து செம்மண் தடம் தொடங்கும் இடத்தில் தொலைபேசி ஊமையாகிவிடும் என்பதைப் பலர் அங்கே போன பின்னரே அறிகின்றனர்.

1963 டிசம்பரில் நடந்த ஒரு துயரம் இந்நாட்டவர் நினைவில் இன்றும் உள்ளது. தென் அவுஸ்திரேலியாவின் மறீ என்னும் சிற்றூரிலிருந்து குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில்லுக்குச் செல்லும் தடம் 500 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், பெற்றோரும் மூன்று புதல்வர்களுமாக, அத்தடத்திற் புறப்பட்டது. வழி தவறியது, எரிபொருள் தீர்ந்தது. வாகனத்தை விட்டு நீர் தேடி நடந்தார்கள். ஐவரும் கோடை வெயிலில் மாண்டனர். "வாகனத்தை விட்டு அகலாதே" என்று இங்குள்ளோர் ஓயாது சொல்வதற்கு இத்தகைய மரணங்களே காரணம். நடந்து செல்லும் மனிதனை வானிலிருந்து காண்பது அரிது. வாகனத்தைக் காண்பது எளிது. ஆனால் தேடுவதற்கு முன்பு, ஒருவர் காணாமற் போய்விட்டார் என்பது யாருக்காவது தெரியவேண்டுமல்லவா? வலையின் பணி அதுதான்.

இதன் வேர் மிகப் பழையது. 1928இல் குயின்ஸ்லாந்தின் குளொன்கறியில் வண. ஜோன் பிளின் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடக்கினார். விமானமும் மருத்துவரும் கிடைத்தாயிற்று. நோயாளி இருக்கும் பண்ணையிலிருந்து மருத்துவரை எவ்வாறு அழைப்பது? மின்சாரம் இல்லை, தொலைபேசிக் கம்பி இல்லை. அடிலெயிட்டைச் சேர்ந்த அல்பிரட் றேகர் என்னும் பொறியியலாளர் விடை கண்டார். துவிச்சக்கர வண்டியை மிதிப்பது போலக் காலால் மிதித்து மின்சாரம் பிறப்பித்து, அம்மின்சாரத்தில் இயங்கும் வானொலியை அவர் அமைத்தார். 1929இல் அது பண்ணைகளுக்குச் செல்லத் தொடங்கியது. முதலில் மோர்ஸ் தந்திக் குறிகள் மட்டுமே அதில் அனுப்பப்பட்டன. சில ஆண்டுகளிற் குரலும் சென்றது. மாணவர்கள் பெற்றோரிடம் இருபது டொலர் நோட்டு ஒன்றை வாங்கிப் பார்க்கவும். பிளினின் உருவத்துடன் அந்த மிதி வானொலியையும் காணலாம். (பார்த்த பின் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.)

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நமக்கு இந்த மிதி வானொலி அந்நியமான பொருளன்று. 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, 'டைனமோ'வில் எழும் மின்சாரத்தில் வானொலியை இயக்கினோம். ஒருவர் சுழற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ்ந்திருந்து பீ.பீ.சீ. தமிழோசையையும் வெரித்தாஸ் தமிழ்ப் பணியையும் கேட்போம். சுழற்றுபவன் களைத்தால் செய்தியும் களைக்கும். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பண்ணைவீட்டுப் பெண் மிதித்தபோது அவள் குரல் வெளியே சென்றது. நாம் சுழற்றியபோது வெளிக் குரல் மட்டுமே உள்ளே வந்தது. கேட்க முடிந்தது, "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று பதில் சொல்ல முடியவில்லை. பேச்சை அனுப்பும் கருவி ஒன்று அக்காலத்தில் நம் வீட்டில் அகப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை.

தனித்தனிப் பண்ணைகளில் இருந்த பெண்கள், மருத்துவ அழைப்புகள் முடிந்த பின் குறித்த நேரத்தில் வானொலியில் ஒருவரோடொருவர் உரையாடினர். ஓயாது இரையும் 'கலா' என்னும் கிளியினத்தின் பெயரால் அதனை 'கலா நேரம்' என்று கேலியாக அழைத்தனர். கேலி செய்தவர்கள் ஆண்களாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீடே நூறு கிலோமீற்றரில் இருக்கும் ஒருத்திக்கு அந்த அரைமணி எவ்வளவு பெரிது! அதே வானொலியைக் கொண்டுதான் 1951இல் அலிஸ் ஸ்பிறிங்ஸில் வானொலிப் பள்ளியும் தொடங்கிற்று. ஆசிரியை நகரத்தில் இருக்க, மாணவர் பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து பாடங் கேட்டனர்.

பயணிகளும் இவ்வானொலியை விரைவிற் கைக்கொண்டனர். 1939இல் சிம்சன் பாலைவனத்தை ஒட்டகங்களுடன் கடந்த சிசில் மடிகனின் குழு வானொலிக் கருவியையும் ஏற்றிச் சென்றது. தெற்கே யுன்ரா என்னும் ஊரிலிருந்த ஹரி டிங் என்பவரின் நிலையத்துடன் அது தொடர்பு கொண்டது. 1962இல் புவியியலாளர் றெஜ் ஸ்பிறிக் மனைவி மக்களுடன் அதே பாலைவனத்தை மோட்டார் வாகனத்திற் கடந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் கொண்ட நிலம் அது. இப்போது குளிர்காலந்தோறும் அங்கே உல்லாசப் பயணிகள் செல்கின்றனர்.

இனி, இவ்வலைகள் இயங்கும் விதத்தைப் பார்ப்போம். வாகனங்களிற் பொதுவாகக் காணப்படுவது யூ.எச்.எவ். வானொலி. அது 477 மெகாஹேர்ட்ஸ் அளவில் இயங்குவது. அனுமதிப் பரீட்சை வேண்டியதில்லை. அதன் அலை ஏறத்தாழக் கண்பார்வை போல நேராகச் செல்லும். குன்றொன்று குறுக்கிட்டால் அத்துடன் சரி. ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வாகனங்கள் தமக்குள் பேச அது போதும். சிம்சன் பாலைவனத்தில் அனைவரும் 10ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்து, வாகனத்தில் உயர்ந்த கொடியும் கட்டிச் செல்வர். மேட்டின் மறுபக்கத்தில் எதிரே ஏறிவரும் வாகனத்தைக் கண் காணாது. காதுதான் காண வேண்டும்.

தொலைதூரத்திற்கு உதவுவது எச்.எவ். எனப்படும் சிற்றலை, அதாவது 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அலைகள். தமிழோசை நம்மை வந்தடைந்ததும் சிற்றலையில்தான். பூமிக்கு மேல் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொடக்கம் சில நூறு கிலோமீற்றர் வரை, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயன மண்டலம் உள்ளது. சாய்வாக மேலே செல்லும் சிற்றலையை அது வளைத்து மீண்டும் தரைக்கு அனுப்புகிறது. குளத்தில் ஓட்டுத்துண்டைத் தட்டையாக வீசித் தத்தவிடும் விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடு தொட்ட இடத்தில் நீர் அலையும். தாவிய இடைவெளியில் ஒன்றும் நடவாது. அதனாலேயே பேர்ட்ஸ்வில்லிலிருந்து பேசுபவரின் குரல் அயலூரில் கேளாமல் டார்வினில் தெளிவாகக் கேட்பதுண்டு.

பகலும் இரவும் இம்மண்டலத்தை மாற்றிவிடுகின்றன. பகலில் அதன் அடிப்பகுதி, குறைந்த அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடும். ஆகையால் நண்பகலில் 10 முதல் 14 மெகாஹேர்ட்ஸ் வரை ஏறவேண்டும். சூரியன் சாய்ந்ததும் 7க்கும் 3க்கும் இறங்கவேண்டும். வானொலிக்காரர் பொழுதைப் பார்த்து அலையைத் தெரிவது, நம்மூர்க் கடற்றொழிலாளர் காற்றைப் பார்த்துப் பாய் விரிப்பதைப் போன்றது. 7 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 40 மீற்றர். அதன் காற்பங்கு நீளத்திலும் வாகனத்தில் அலைவாங்கி நிறுத்துதல் இயலாது. எனவே கம்பிச்சுருள் சேர்த்துக் குறுக்கிய தண்டைப் பூட்டுவர். இரவில் தங்குமிடத்தில் மரக்கிளைக்குக் கம்பியை எறிந்து கட்டுவோரும் உளர்.

இருவகை வலைகள் உண்டு. ஒன்று, பரீட்சையிற் சித்தியெய்தி அழைப்புக்குறி பெற்ற அமெச்சூர் வானொலியாளருடையது. நீண்ட காலமாக அறியப்பட்ட பயணிகள் வலை 14 மெகாஹேர்ட்ஸ் பகுதியில், சிட்னி நேரம் நண்பகலையொட்டிக் கூடி வந்தது. மற்றையது 1993இல் அடிலெயிட்டைத் தளமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வீ.கே.எஸ். 737. நான்கு சில்லு வாகனப் பயணிகளுக்காகவே அது அமைந்தது. அதன் உறுப்பினர் அமெச்சூர் பரீட்சை எழுத வேண்டியதில்லை. சந்தா செலுத்திச் சேர்வர். அலிஸ் ஸ்பிறிங்ஸ் உட்படப் பல இடங்களில் அதன் தள நிலையங்கள் அமைக்கப்பட்டன.

வலை கூடும்போது நடத்துநர் முதலிற் கேட்பது, "அவசரச் செய்தி யாரிடமாவது உண்டா?" என்பதே. சில கணங்கள் அமைதி. பின்னர் ஒவ்வோர் அழைப்புக்குறியாகக் கூப்பிடுவார். பயணி, தான் நிற்கும் இடம், வாகனத்தினதும் ஆட்களினதும் நிலை, நாளை செல்லவுள்ள பாதை ஆகியவற்றைச் சொல்வார்; நடத்துநர் எழுதிக்கொள்வார். ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இருவரும் கேளாமற் போவர். (நமது ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் இவ்விதியைக் கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது.) நடத்துநருக்குக் கேட்காத மெல்லிய குரல் இடையிலுள்ள வேறொருவருக்குக் கேட்டிருக்கும். அவர் அச்செய்தியை வாங்கி மறுபடி சொல்வார். ஓடு தத்தும் இடைவெளியை மனிதரே நிரப்பும் இந்த ஏற்பாடுதான் நம்மை மிகக் கவர்ந்தது. கூப்பிட்டும் பதில் இல்லையெனில், நேற்று அவர் சொன்ன இடமும் இன்று சேரவேண்டிய இடமும் எழுத்தில் உள்ளன. அடுத்த வேளையிலும் குரல் வராவிட்டால் அப்பாதையிற் செல்லும் மற்றவர்களிடம் விசாரிக்கலாம். வேண்டுமாயின் காவற்றுறைக்கு அறிவிக்கலாம்.

"இப்போதுதான் செய்மதித் தொலைபேசி இருக்கிறதே" என்று ஒரு பெற்றோர் கேட்பார். உண்மை. 406 மெகாஹேர்ட்ஸ் அவசர ஒளிர்குறிக் கருவியை அமுக்கினால் மீட்புப் பணியாளருக்கு இடந்தெரியும். 2023 முதல் சில கைத்தொலைபேசிகளும் இந்நாட்டில் செய்மதி வழியாக அவசரச் செய்தி அனுப்புகின்றன. தொலைவழி செல்லும் குடும்பம் அவசரக் கருவி ஒன்றையாவது கொண்டுசெல்ல வேண்டும் என்பதே நமது கருத்து. ஆனால் அக்கருவியை அமுக்குவதற்கு ஒரு கை வேண்டும். மயங்கிக் கிடப்பவர் அமுக்க மாட்டார். இடாப்போ, நாம் ஒன்றும் செய்யாதிருக்கும்போது நம்மைத் தேடுவது. அத்துடன், செய்மதியிற் பேசினால் ஒருவர் கேட்பார்; வலையிற் பேசினால், "அந்த ஆற்றுக் கடவையில் நீர் ஏறிவிட்டது" என்பதை நாற்பது பேர் கேட்பர்.

அமெச்சூர் வானொலியின் பயனை நம்மவர் அயலிலும் கண்டோம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஓர் இந்தியக் குழு அந்தமானில் நிலையம் அமைத்திருந்தது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொடர்புகள் அறுந்தபோது, அவர்களது நிலையமே தீவுகளின் செய்திகளை வெளியே கொண்டுசென்றது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. இந்நாட்டில் அமெச்சூர் தகுதி மூன்று படிகளாக உள்ளது. முதற்படிக்கு வயதெல்லை கிடையாது. 2024 பெப்ரவரியிலிருந்து ஆண்டுக் கட்டணமும் நீக்கப்பட்டுவிட்டது. அழைப்புக்குறி 'வீ.கே.' எனத் தொடங்கும்; அடுத்த இலக்கம் 2 எனில் நியூ சவுத் வேல்ஸ், 3 எனில் விக்ரோறியா. எழுத்துகளைச் சொல்லும் முறையும் உங்களுக்குப் புதிதன்று. "அ – அம்மா, ஆ – ஆடு" என்று கீழ்ப்பிரிவிற் படித்தீர்கள் அல்லவா? அவர்களும் "அல்பா, பிறாவோ, சார்ளி" என்பர். நமது நீண்ட பெயர்களை ஆங்கிலேயருக்குத் தொலைபேசியில் சொல்லிக் களைத்த பெற்றோரும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

முதலிற் கேட்டுப் பழகுங்கள். கேட்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. பொழுதுபட்ட பின் சிற்றலை வானொலியை 7 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் மெல்லத் திருப்பினால் வெவ்வேறு மாநிலத்தவர் பேசுவது கேட்கும். அதற்கு ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சை வாங்கவல்ல கருவியாக இருக்கவேண்டும். இல்லையேல் வாத்துச் சத்தமே கேட்கும். யூ.எச்.எவ். கருவி உள்ளவர்கள் ஹியூம் நெடுஞ்சாலையிற் போகும்போது 40ஆம் அலைவரிசையில் பாரவூர்திச் சாரதிகளைக் கேட்கலாம். அவர்களது சில சொற்களைப் பிள்ளைகள் தமிழில் மொழிபெயர்க்கக் கேட்டால், பெற்றோர் அலைவரிசையை மாற்றிவிடுவது நலம்.