செந்நிறப் பாலுக்கு வைத்த பரீட்சை

பெரு, ஈக்வடார் நாடுகளின் அமேசான் காடுகளில் குரோட்டன் லெக்லெரி என்றொரு மரம் வளர்கிறது. பட்டையைக் கீறினால் ரத்தமாய்ச் சிவந்த பால் வடியும். அங்குள்ள பழங்குடி மக்கள் அதைக் காயத்தில் தடவுவார்கள். வயிற்றுப்போக்கு கண்டால் குடிக்கவும் செய்வார்கள். நம் சித்த மருத்துவத்தில் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளமும் இதே குரோட்டன் பேரினம்தான். ஒன்று போக வைக்கிறது, மற்றது நிறுத்துகிறது!

உண்மையிலேயே நிறுத்துகிறதா? வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். எதைக் குடித்திருந்தாலும் அதுதான் கேட்டது என்று தோன்றும். அதனால்தான் ஒரு சாராருக்கு மருந்தும், இன்னொரு சாராருக்கு அதேபோல் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, மருத்துவருக்கும் தெரியக்கூடாது.

1989இல் கலிஃபோர்னியாவில் லிசா கான்டி தொடங்கிய ஷாமன் நிறுவனம், இந்தப் பாலிலிருந்து குரோஃபெலமர் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. அது வேலை செய்யும் விதம் அழகானது. குடல் சுவரின் செல்களில் குளோரைடு வெளியேறும் வாசல்கள் உண்டு. அவை அளவுமீறித் திறந்துகொண்டால் குளோரைடு குடலுக்குள் கொட்டும். பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போகும். காலராவில் நடப்பது இதுவே. குரோஃபெலமர் இரண்டு வகை குளோரைடு வாசல்களை அடைக்கிறது. குடலின் அசைவை அது மந்தப்படுத்துவதில்லை. ரத்தத்திலும் அநேகமாகக் கலப்பதில்லை.

ஷாமன் நிறுவனம் 2001இல் திவாலானது. கான்டி விடவில்லை, நேப்போ என்ற புதிய நிறுவனத்தின் மூலம் ஆய்வைத் தொடர்ந்தார். எச்ஐவி சிகிச்சையில் இருந்தபடி நீடித்த வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட 374 பேரிடம் பெரிய பரிசோதனை நடந்தது. 125 மில்லிகிராம் மாத்திரையை இருவேளை எடுத்தவர்களில் 17.6 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8 சதவீதம்.

சிறிய வெற்றிதான். ஆனால், அந்த 8 சதவீதத்தைக் கழித்த பிறகும் மிஞ்சியது என்பதால் நம்பத்தக்க வெற்றி. 2012 இறுதியில் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. வாய்வழி உட்கொள்ளும் தாவர மருந்து ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது. அதுவும் எச்ஐவி சிகிச்சையில் உள்ள பெரியவர்களுக்கு, தொற்றினால் வராத வயிற்றுப்போக்குக்கு மட்டும்.

வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கைவசம் இருக்கவேண்டியது ஓஆர்எஸ் கரைசல்தான். குளோரைடு வாசல் திறந்தே கிடந்தாலும், சர்க்கரையோடு சேர்த்து உப்பை உள்ளிழுக்கும் வழி குடலில் பழுதாவதில்லை. ஓஆர்எஸ் உயிர் காப்பது அதனால்தான். மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையும் கொடுங்கள். கண் குழிந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ கைமருந்தில் நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.