நூறு பெயர்களுக்குப் பிறகு

ரொறன்ரோவில் நம்மவர் திருமண மண்டபம் ஒன்றுக்குள் காப்புறுதி முகவர் ஒருவர் நுழைந்ததும், சாப்பாட்டுத் தட்டோடு சிலர் வேறு மேசைக்கு நகர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. தொழிலுக்குப் புதிதாக வந்த முகவருக்கோ அது வயிற்றைக் கலக்கும் காட்சி. சில காலம் இத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில், இந்த நிலை ஏன் வருகிறது, புதியவர் ஒருவர் இதைத் தவிர்த்து எப்படித் தொழிலைக் கற்கலாம் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஒன்ராறியோவில் ஆயுட்காப்புறுதி முகவராவதற்கு எல்.எல்.கியூ.பி. எனப்படும் பாடநெறியை முடிக்க வேண்டும். ஆயுட்காப்புறுதி, விபத்து மற்றும் நோய்க் காப்புறுதி, முதலீட்டு நிதிகளும் ஆண்டுத்தொகைகளும், தொழில் ஒழுக்கம் என்னும் நான்கு பகுதிகளிலும் பரீட்சையில் தேற வேண்டும். அனுமதிப்பத்திரம் பெற்றபின், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வியும் உண்டு. இவ்வளவு படித்தவருக்கும் ஒரு கேள்விக்கு மட்டும் புத்தகத்தில் விடை கிடைப்பதில்லை: நாளைக் காலை யாரோடு பேசுவது?

அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுங்கள்" என்பது. சித்தப்பா, மச்சான், ஊர்ச்சங்கச் செயலாளர், ஒன்றாகச் சீட்டுப் பிடிப்பவர்கள் என்று பட்டியல் விரைவில் நிறைந்துவிடும். அவர்களில் சிலர் முகத்துக்காக வாங்குவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முகவரின் வருமானத்தில் பெரும்பகுதி முதலாண்டுத் தரகு. வாங்கியவர் சில மாதங்களில் கட்டுப்பணத்தை நிறுத்திவிட்டால், கொடுத்த தரகை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளும். பணமும் போய், உறவும் கசந்துவிடும். அடுத்த திருமணத்தில் தட்டோடு நகர்பவர்களில் அந்த மச்சானும் ஒருவராக இருப்பார்.

ஆகவே பட்டியலை வேறு விதமாக எழுதிப் பாருங்கள். எனக்கு நெருக்கமானவர் யார் என்று கேளாமல், யாருடைய உழைப்பை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். புதிதாக வீடு வாங்கியவர், முதல் குழந்தை பிறந்தவர், ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பம், கூட்டாகக் கடை நடத்துபவர்கள் என்போருக்குத் தேவை ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகள் தலையெடுத்து, கடனும் அடைந்த மாமாவுக்கு அது இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. அமெரிக்க முகவரான ஆல் கிரானம் நீண்டகாலப் பதிவுகளிலிருந்து 10-3-1 என்ற விகிதத்தைக் கண்டார். தகுதியான பத்துப் பேரை அணுகினால் மூவர் உட்கார்ந்து பேசுவார்கள், ஒருவர் வாடிக்கையாளர் ஆவார். நம் சூழலில் இது கூடலாம், குறையலாம். ஆனால் ஒன்பது பேர் மறுப்பது தோல்வியல்ல, அதுவே தொழிலின் இயல்பு என்பதை இந்தக் கணக்கு புரியவைக்கிறது. ஒரு கொப்பியில் யாரை அழைத்தேன், யாரைச் சந்தித்தேன், என்ன நடந்தது என்று தினமும் குறித்து வந்தால், மூன்று மாதத்தில் உங்களுடைய சொந்த விகிதம் தெரிந்துவிடும்.

தொலைபேசியை எடுக்குமுன் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். கனடாவில் 2008 செப்டெம்பர் 30 முதல், விற்பனை அழைப்புகளை விரும்பாதோர் தங்கள் எண்ணைப் பதியும் தேசியப் பட்டியல் நடைமுறையில் உள்ளது. நண்பர் கொடுத்த எண் என்பதற்காக அதில் உள்ளவரை அழைத்துவிட முடியாது. நண்பரையே முதலில் அவரிடம் சம்மதம் கேட்கச் சொல்வதுதான் மரியாதையும் பாதுகாப்பும்.

சந்திப்புக் கிடைத்துவிட்டால் படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். "ஒரு வருசம் வேலைக்குப் போகேலாமல் இருந்தால் வீட்டுச் செலவு எப்பிடிப் போகும் அண்ணை?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். பிறகு அவர் முன்னாலேயே கணக்குப் போடுங்கள். வீட்டுக் கடன் 4,00,000 டொலர், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 40,000 வீதம் பத்து ஆண்டுகளுக்கு 4,00,000, இறுதிச் செலவு 20,000. மொத்தம் 8,20,000. வேலையிடத்துக் காப்புறுதி 1,00,000 இருந்தால் மீதி 7,20,000. அந்த வேலை போனால் அந்தக் காப்புறுதியும் பெரும்பாலும் போய்விடும் என்பதையும் சொல்லுங்கள். வங்கியில் வீட்டுக் கடனோடு எடுக்கும் காப்புறுதியின் பணம் வங்கிக்கே போய்ச் சேரும் என்பதும் பலருக்குத் தெரியாது. இத்தொகைக்குக் குறித்த காலக் காப்புறுதியே போதும் என்றால் அதையே சொல்லுங்கள், ஆயுள் முழுவதுக்குமான ஒப்பந்தத்தில் தரகு கூடுதலாக வரும் என்றாலும்.

கடைசியாக, திறமை என்று எவரும் சொல்லித் தராத ஒன்று. நான் தொழில் தொடங்கிய காலத்தில் ஓர் அண்ணையின் வீட்டில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். புகைப்பழக்கம் பற்றிய கேள்வி வந்தது. "எப்பவாவது ஒண்டுதான் தம்பி, இல்லை எண்டு போடும்" என்றார். புகைப்பவருக்குக் கட்டுப்பணம் கணிசமாகக் கூடும். எனக்கும் அந்த மாதம் வேறு விற்பனை இல்லை.

உண்மையை மறைத்த ஒப்பந்தத்தை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுவனம் செல்லாததாக்கலாம். வேண்டுமென்றே செய்த மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும் செல்லாததாக்கலாம். அவருக்கு ஏதும் நடந்தால், கடிதத்தோடு என்னிடம் வந்து நிற்கப்போவது அவர் அல்ல, அடுத்த அறையில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த அக்கா. இதைச் சொன்னேன். அண்ணைக்குப் பிடிக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, கையெழுத்து இல்லாமல் திரும்பினேன்.

சில மாதங்கள் கழித்து அந்த அக்கா அழைத்தார். தன் தங்கை வீடு வாங்கியிருப்பதாகவும், என்னோடு பேச விரும்புவதாகவும் சொன்னார். அந்த நூறு பெயர்களில் அவருடைய தங்கையின் பெயர் இருக்கவில்லை.