கறையானும் சாமி குத்தமும்

சேந்தமங்கலத்துக் கடைவீதியிலிருந்து கிழக்கே தலையை உயர்த்திப் பார்க்கிறவர்களுக்கு, மழைக்காலத்துக் காலைகளில் பாதி உடம்பை முகிலுக்குள் மறைத்துக்கொண்டு நிற்கும் கொல்லிமலை, எட்டிப் பிடித்துவிடலாம் போலவும் என்றும் எட்டாதது போலவும் ஒருங்கே தோன்றும். அங்கிருந்து பலாவும் வாழைத்தாரும் மிளகும் தலைச்சுமையாக இறங்கிவந்த காலத்தில், அவற்றை வாங்கி உண்ட சமவெளியார் மலைமீது ஓரிரவு தங்க மட்டும் இசையமாட்டார்கள். தங்கினால் மலைக்காய்ச்சல் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்கும் முன்பே ஊட்டப்பட்ட அச்சம். நகைத்த முகம் காட்டி வருவோரின் உயிரை வாங்கும் கொல்லிப்பாவையின் கதையைக் கட்டியவர்களும் ஒருவேளை அந்தக் காய்ச்சலைக் கண்டு அஞ்சியவர்களாகவே இருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

எனக்குச் சிறு வயதில் காய்ச்சல் கண்டபோதெல்லாம் என் பாட்டியார் செய்த காரியம் ஒன்று கண்முன் அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைப் பொடித்து, தேனில் குழைத்து, மூக்கைப் பிடித்து விழுங்க வைத்துவிட்டு, அந்தக் கையை முந்தானையில் துடைத்தபடியே, மஞ்சளில் நனைத்த துணிக் கிழிசலில் ஒரு ரூபாய் நாணயத்தை முடிந்து, என் தலையை மூன்று முறை சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். மாத்திரை காய்ச்சலுக்கு, காசோ, ஊரில் இத்தனை பிள்ளைகள் இருக்க அந்தக் காய்ச்சல் இந்தப் பிள்ளையைத் தேடிவந்தது ஏன் என்ற கேள்விக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு முரண்பாடு இருப்பதாக அந்த அம்மாளுக்கு ஆயுள் முழுவதும் தோன்றியதே இல்லை.

மலைமேல் வாழும் மலையாளிகளுக்கும் அது தோன்றியதில்லை. பெயரைக் கேட்டுக் கேரளத்தாரென்று மயங்க வேண்டாம். மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருடைய பழங்குடியினர் தமிழே பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுவந்த அண்ணன் தம்பிமார் மலைக்கொருவராகப் பிரிந்து குடியேறிய கதையைத் தம் பூர்வோத்தரமாகச் சொல்வோர். பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்ற தலைவர்களின்கீழ் நாடு நாடாக வகுத்துக்கொண்டு வாழ்ந்த அவர்களுக்கு, மாசி பெரியசாமியும் எட்டுக்கை அம்மனும் வேண்டுதலைக் கேட்கும் தெய்வங்களாக இருந்ததோடு, பிசகினால் தண்டிக்கும் தெய்வங்களாகவும் இருந்தனர். மாடு செத்தாலும், பிள்ளை நோயுற்றாலும், விளைந்த சாமைக்கதிர் கருகினாலும், முதலில் எழும் கேள்வி ‘என்ன குத்தம் நேர்ந்தது?’ என்பதே. நேர்ந்த கடனைத் தீர்க்காமல் விட்டோமா, தீட்டோடு எல்லை மிதித்தோமா, வேண்டாதவர் எவரேனும் செய்வினை வைத்தாரா என்று பூசாரியிடம் குறி கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே மடித்துச் சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்கும் வழக்கம் இன்றுகூட எங்கள் சமவெளிக் கோயில்களில் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரமும் தெரிந்துவிடும். பரிகாரம் தெரிந்துவிட்டால் பாதித் துயரம் இறங்கிவிடும்.

இந்த மக்களிடையே 1913ஆம் ஆண்டில் குடியேற வந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரும், அவ்வாண்டே அவரை மணந்துகொண்ட ஈவ்லினும். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற ஸ்தாபனத்தைச் சார்ந்து 1907இல் இந்தியாவுக்கு வந்த ஜெஸ்ஸி, பட்டம் பெற்ற வைத்தியரல்லர்; வெப்பநாட்டு வியாதிகளைப் பற்றி லண்டனில் ஓராண்டு பயின்றிருந்தார். ஈவ்லினோ செல்வக் குடும்பத்தில் பிறந்து சித்திரக்கலை பயின்ற பெண்மணி. மரப்பலகைகளைச் சமவெளியிலிருந்து ஆள்கள் சுமந்தேற்ற, மலைமேல் அவர்கள் கட்டிக்கொண்ட வீடு கல்தூண்கள்மீது நின்றது. ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்து வைத்தாற்போல ஓர் உலோகத் தட்டு. கறையான் தூணேறி வந்தாலும் அந்தத் தட்டின் விளிம்பைத் தாண்டிப் பலகையைத் தொட முடியாது என்பதே அதன் சூட்சுமம்.

இந்தக் கறையான் தட்டை நினைக்கும்போதெல்லாம், அன்றைய சூடானின் தென்பகுதியில் அசாந்தே என்ற மக்களிடையே தங்கி ஆராய்ந்த இவான்ஸ் பிரிட்சார்ட் என்ற மானிடவியலாளர் 1937இல் வெளியிட்ட நூலில் விவரித்த தானியக் குதிர் என் நினைவுக்கு வருகிறது. வெயிலுக்கு ஒதுங்கிக் குதிரின் நிழலில் சிலர் அமர்ந்திருக்கையில், கால்களைக் கறையான் அரித்த அந்தக் குதிர் சரிந்து அவர்கள்மேல் விழுகிறது. கறையான் அரித்ததால்தான் விழுந்ததென்று அம்மக்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அரித்த குதிர் அந்த நாழிகையில், அந்த மனிதர்கள் அமர்ந்திருந்த அந்த வேளையில் விழுவானேன்? அதற்கு விடையாகவே அவர்கள் சூனியத்தைச் சொல்கிறார்கள். கறையானை அறியாத மூடர்கள் என்று அவர்களை இகழ்வதற்கு இடமே இல்லை. நம் மலையாளிகளின் ‘சாமி குத்தம்’ என்பதும் இவ்விதமான விடையே என்று நான் உறுதியாக நம்புகிறேன். மிஷனரிமார் ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் நூல்களிலும் ‘இருளில் வாழ்வோர்’, ‘பேய்ப்பயத்தில் உழல்வோர்’ என்று மலைமக்களைக் குறித்து அடிக்கடி எழுதிவந்தது எனக்கு ஒப்பவில்லை. அப்படி எழுதியவர்களும் தம் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது கேட்ட கேள்வி இதுதானே!

பிராண்ட் செய்த தொண்டுகளில் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது நரம்புச் சிலந்தியை எதிர்த்து அவர் நடத்திய போராட்டம். படிக்கிணற்றில் இறங்கி நீர் மொள்ளுகிறவனின் காலில் ஒரு கொப்புளம். எரிச்சல் பொறுக்காமல் அவன் காலை நீரில் வைக்க, கொப்புளம் உடைந்து, உள்ளே ஓராண்டாக வளர்ந்திருந்த வெண்ணிறப் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் உமிழும். அவற்றைத் தின்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சியைக் குடிநீரோடு விழுங்குகிற அடுத்தவனுக்கு அடுத்த ஆண்டில் அதே கொப்புளம். ஏறத்தாழ ஒரு முழ நீளமோ இரு முழ நீளமோ உள்ள அந்தப் புழுவைப் பலமாக இழுத்தால் அறுந்துபோய்ச் சீழ் வைத்துக் காலையே கெடுத்துவிடும். ஆகவே தலையை ஒரு சிறு குச்சியில் பற்றவைத்து, நாளொன்றுக்கு ஓரங்குலம் இரண்டங்குலமாக, நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் நடக்கும் வேலை இது. தந்தையார் அவ்வாறு புழுவைச் சுற்றி எடுப்பதைச் சிறுவனாக நின்று பார்த்ததை அவருடைய மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். புழுவை எடுப்பதோடு நில்லாமல், கிணற்றில் எவரும் காலை வைக்க இயலாதபடி சுற்றுச்சுவர் எழுப்பச் செய்து, நீரை வடிகட்டிக் குடிக்கவும் அவர் போதித்தார். யாருடைய தெய்வத்தையும் ஒரு வார்த்தை இகழாமலே ஒரு சுவர் எத்தனை பேருடைய காலைக் காப்பாற்றிவிடுகிறது! இந்தியா அந்தப் புழுவிலிருந்து முற்றிலும் விடுபட்டதாக உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது 2000ஆம் ஆண்டில்தான்.

ஆயினும், அவர்கள் எந்த நோக்கத்தோடு வந்தார்களோ அந்த நோக்கம் ஆண்டுக்கணக்காக நிறைவேறவில்லை. மருந்து வாங்க வந்தவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள்; மதம் மாற எவரும் இசையவில்லை. தெய்வத்தைக் கைவிட்டவனுக்கு என்ன நேருமென்று எல்லோருக்கும் தெரியும். அவன் ஒருவனுக்கு நேர்வது அவன் நாட்டுக்கே நேரும் என்பதும் தெரியும். பூசாரி ஒருவர் இதில் முன்னின்று எதிர்த்தார். பிறகு 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அந்தக் கொள்ளைநோய், மலைக்கும் ஏறிற்று. தொட அஞ்சிச் சுற்றத்தாரே விலகிய வீடுகளுக்குப் பிராண்ட் தம்பதிகள் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய் ஊட்டினார்கள். அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தபோது, வைத்தியத்தால் அவர்களைப் பிழைப்பிக்க முடியவில்லை. சாகுந்தறுவாயில் அவர் தம் குழந்தையை, தாம் எதிர்த்துவந்த அதே தம்பதிகளின் கையில் ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரோடு அவள் அவர்கள் வீட்டில் வளர்ந்தாள். மலையில் சபை தோன்றியது அதன் பிறகே. மிஷன் நூல்கள் இதை விசுவாசத்தின் வெற்றியாகச் சொல்லும். எனக்கோ, தன் தெய்வம் தன்னைத் தண்டித்துவிட்டது என்று எண்ணியிருக்கக்கூடிய ஒரு தகப்பன், தன் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று நீட்டிய அந்தக் கைகளே நினைவில் நிற்கின்றன.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914 ஜூலையில் அம்மலையிலேயே பிறந்தவர். வெறுங்கையால் எல்லாரையும் தொட்டு வைத்தியம் செய்யும் தந்தை, ஒரு நாள் வாசலுக்கு வந்த பெருவியாதிக்காரர்களை, அதாவது தொழுநோயாளிகளைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கையுறை அணிந்துகொண்டதை அந்தச் சிறுவன் மறக்கவில்லை. முன்வினைப் பயன் என்றும், தெய்வகோபம் என்றும், தொட்டால் ஒட்டும் சாபம் என்றும் சகல தேசத்தாரும் அஞ்சிய அந்த நோயாளிகளின் கைகளையே, அவர் 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபின் தம் ஆயுட்காலப் பணியாக எடுத்துக்கொண்டார். விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி அற்றுப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் புண்பட்டே குறைகின்றன என்று அவர் நிறுவினார். இரவில் நன்றாயிருந்த விரல் விடியும்போது குறைந்திருக்கும் மர்மத்தைக் காவலிருந்து கண்டுபிடித்தபோது, அதைச் செய்தது எலி! அதன் பின் நோயாளிகள் படுக்கைக்குப் பூனையோடு போனார்கள்.

ஜெஸ்ஸி 1929 ஜூனில் இறந்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்து, சில நாள்களில் உயிரை வாங்கும் கருநீர்க் காய்ச்சல் அது, வயது 44. மலைமக்களுக்கெல்லாம் கொயினா கொடுத்த மனிதரை அந்த மலையின் காய்ச்சலே கொண்டுபோயிற்று. கொசுவே மலேரியாவைக் கொணர்கிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் 1897இலேயே கண்டு சொல்லியிருந்ததால், எப்படி வந்ததென்பதில் அவர் வீட்டாருக்கு ஐயமில்லை. ஏன் வந்தது என்பதற்குத் தேவசித்தம் என்றார் ஈவ்லின். அச்சொல்லை அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அதை நம்பியே வாழ்ந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பதினைந்து வயதும் நிரம்பாத பாலுக்குத் தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கப்பலில் மெதுவாகச் சென்ற தந்தையின் கடிதம் அதற்குப் பின்னரே அவர் கைக்குக் கிடைத்தது.

ஏறத்தாழ எழுபது வயதில் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஈவ்லின் மலைமக்களைக் கைவிடவில்லை. கல்வராயன், பச்சைமலை என்று கணவரோடு சேர்ந்து திட்டமிட்ட மலைகளுக்கெல்லாம், இடுப்பெலும்பு முறிந்த பின்னும் மட்டக்குதிரைமேல் ஏறியும் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும் போய்க்கொண்டிருந்தார். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் அவர் காலமானபோது, உடலை மலைமேல் கொண்டுபோய்க் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.